பிஎம்பி விண்ணப்பம்: தேர்வுக்கு முன்பே சறுக்கும் இடங்கள்

திட்ட மேலாளர்களுக்காக பிஎம்ஐ (PMI) என்ற அமைப்பு தரும் சான்றிதழ்தான் பிஎம்பி (PMP). அதற்கான தேர்வுக்கு மாதக்கணக்கில் படிப்பவர்கள்கூட, விண்ணப்பப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அவசரமாக நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை இடைவேளை என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். அனுபவத்தை விவரிக்கும் பெட்டியில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு மாதிரியைக் காட்டுவார்கள். தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடிப்படைத் தகுதியை முதலில் பார்த்துவிடலாம். நான்காண்டுப் பட்டம் இருந்தால், திட்டங்களை வழிநடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோவோடு நின்றவர்களுக்கு அதைவிட அதிக மாதங்கள். அந்த அனுபவம் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். கூடவே 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி. இணையத்தில் இன்னும் பல பக்கங்கள் 4,500 மணி நேரக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கின்றன. அது பழைய விதி. இப்போது மாதக் கணக்குதான். எக்செல் ஷீட் போட்டு மணி எண்ணிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம். தேர்வு முறை மாறும்போது தகுதி விதிகளும் மாறுவதுண்டு என்பதால், படிவத்தைத் திறக்கும் அன்று பிஎம்ஐ தளத்தில் உள்ள கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூடியூப் வீடியோ எந்த ஆண்டு எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

மாதக் கணக்கில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு திட்டம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று கூட்டக் கூடாது. ஏப்ரல், மே, ஜூன் இரண்டிலும் வருவதால் அவை ஒருமுறைதான் கணக்கில் சேரும். மொத்தம் 9 மாதம்தான். ஒரே நேரத்தில் மூன்று திட்டங்களைச் சுமந்தவருக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விதி அப்படி. மூன்று வருடம் முடிந்துவிட்டது என்று நம்பியிருப்பவர்கள் ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, திட்டங்களுக்கு நேராகக் கோடு போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது பதவிப் பெயர். 'என் விசிட்டிங் கார்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று இல்லையே' என்று தயங்கி, தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் பலர். டீம் லீட், தளப் பொறியாளர், ஒருங்கிணைப்பாளர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. திட்டத்தை வழிநடத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பெரிய பதவியில் இருந்துகொண்டு, அன்றாட வேலையைத் திட்டம் என்று எழுதுவது. தினமும் வரும் டிக்கெட்டுகளை, அதாவது பயனர்களின் புகார்களை, தீர்க்கும் சப்போர்ட் வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது திட்டம் ஆகாது. அதே சப்போர்ட் குழுவைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுத்தீர்கள் என்றால், அது திட்டம்.

சரி, விவரிப்புக்கு வருவோம். ஒவ்வொரு திட்டத்துக்கும் 200 முதல் 500 சொற்கள் வரை எழுதச் சொல்கிறார்கள். திட்டத்தின் நோக்கம் என்ன, உங்கள் பங்கு என்ன, நீங்கள் ஏற்ற பொறுப்புகள் எவை, கடைசியில் என்ன கிடைத்தது என்பதுதான் அவர்கள் கேட்பது. வளைகுடாவில் ஏசி பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்கலாம். படிவம் ஆங்கிலத்தில் என்றாலும் இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

"எங்கள் நிறுவனம் இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டது. நான்கு மாடி மருத்துவமனைக்கு நவீன குளிரூட்டும் அமைப்பு நிறுவப்பட்டது. சில்லர், பம்ப், காற்றுக் குழாய்கள் பொருத்தப்பட்டன. பணிகள் தரமாகவும் உரிய நேரத்திலும் முடிக்கப்பட்டன."

நிறுவப்பட்டது, பொருத்தப்பட்டன, முடிக்கப்பட்டன. யார் செய்தார்? இதில் நிறுவனம் இருக்கிறது, சில்லர் இருக்கிறது, விண்ணப்பித்தவரைத்தான் காணோம். அலுவலக மின்னஞ்சல்களில் 'ஆவன செய்யப்பட்டுள்ளது' பாணியில் எழுதி எழுதிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே ஓடுகிறது. அதே வேலையை இப்படி எழுதலாம்:

"மருத்துவமனை இயங்கிக்கொண்டிருக்கும்போதே, பழைய குளிரூட்டும் அமைப்பை 10 மாதத்தில் மாற்றுவது நோக்கம். தளத்தில் திட்டப் பொறியாளராக 14 பேரையும் இரண்டு துணை ஒப்பந்தக்காரர்களையும் வழிநடத்தினேன். எந்த வாரம் எந்த வார்டு என்று நிர்வாகத்தோடு பேசி வேலை வரிசையை வகுத்தேன். சில்லர் வந்துசேரத் தாமதமாகலாம் என்பதை அபாயப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்து, தற்காலிக யூனிட்டை வாடகைக்கு எடுக்க ஒப்புதல் வாங்கினேன். வாரந்தோறும் செலவை பட்ஜெட்டோடு ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தேன். சோதனை ஓட்டம் முடித்து, வாடிக்கையாளரிடம் ஏற்புக் கையெழுத்து பெற்று ஒப்படைத்தேன்."

இரண்டாவதில் ஒவ்வொரு வினையும் எழுதியவருடையது. சில்லரின் கொள்ளளவு, மாடல் எண் எதுவும் இல்லை. படிப்பவருக்கு அது தேவையுமில்லை. மென்பொருள்காரர்களுக்கும் இதே கதைதான். ஜாவாவில் எத்தனை மாட்யூல் எழுதினீர்கள் என்பது அங்கே செல்லாது. நான்கு திட்டங்களுக்கும் ஒரே பத்தியை நகலெடுத்து, வாடிக்கையாளரின் துறையை மட்டும் மாற்றுவதும் வேண்டாம். காசு கொடுத்தால் படிவத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம் என்பவர்களிடம் போனால், உங்களுடையதைப் போலவே நூறு பேருடைய அனுபவம் இருக்கும். ஆடிட் வந்தால், அதாவது எழுதியதற்கெல்லாம் சான்று காட்டச் சொன்னால், அவர்கள் கையெழுத்துப் போட வரமாட்டார்கள்.

ஆடிட் என்றதும் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு ஆட்களைக் குலுக்கல் முறையில்தான் எடுக்கிறார்கள். வந்துவிட்டது என்பதற்காக உங்கள்மேல் சந்தேகம் என்று பொருளில்லை. பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், ஒவ்வொரு திட்டத்தையும் நேரில் அறிந்த மேலாளரின் ஒப்புதல் ஆகியவற்றை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சான்றிதழ்கள் பீரோவில் இருக்கும். மேலாளர்தான் சிக்கல். ஐந்து வருடத்துக்கு முந்தைய மேலாளர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், பழைய மின்னஞ்சல் செத்திருக்கும், சிலரோடு நாம் மனஸ்தாபத்தில் பிரிந்திருப்போம். ஆகவே சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன்பே அவரைக் கூப்பிட்டு, 'சார், இந்தத் திட்டத்துக்கு உங்கள் பெயரைக் கொடுக்கிறேன், இப்படித்தான் எழுதியிருக்கிறேன்' என்று வாசித்துக் காட்டிவிடுங்கள். தேதிகளில் அவருக்கு வேறு நினைவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். யாருமே உறுதி சொல்ல முடியாத திட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வேறு திட்டங்களை வைத்து மாதக் கணக்கு நிறைகிறது என்றால் அதை விட்டுவிடுவது நல்லது.

35 மணி நேரப் பயிற்சியில் இரண்டே விஷயம். சொந்தமாகப் புத்தகம் படித்த நேரம் இதில் சேராது. பயிற்சியை முழுதாக முடித்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும்; 'அடுத்த வாரம் முடிந்துவிடும்' செல்லாது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', அலுவலகத்தில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்து 'கார்த்திக் சுப்பிரமணியன்'. பிஎம்ஐ கணக்கை லிங்க்ட்இன் பெயரில் தொடங்கிவிட்டு, தேர்வு நாளில் பாஸ்போர்ட்டோடு போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயரும், புகைப்படமும், கையெழுத்தும் இருக்க வேண்டும். ஆதாரில் நம் கையெழுத்து கிடையாது என்பது நிறையப் பேருக்கு அப்போதுதான் உறைக்கும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, கணக்கைத் தொடங்குங்கள். ஏற்கெனவே வேறு பெயரில் இருந்தால், தேர்வுத் தேதி எடுக்கும் முன்பே எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, உறுப்பினருக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு. ஆனால் முதலில் உறுப்பினராகி, அது பதிவான பிறகு தேர்வுக்குக் கட்ட வேண்டும். கட்டிவிட்டுப் பிறகு சேர்ந்தால் வித்தியாசத் தொகை திரும்ப வராது. காலத்திலும் ஒரு கண் இருக்கட்டும். திறந்த படிவம் 90 நாள் வரைக்கும்தான் காத்திருக்கும். ஒப்புதல் கிடைத்தால் தேர்வெழுத ஓராண்டு அவகாசம், அதற்குள் மூன்று முறை எழுதலாம். புத்தகத்தையே பிரிக்காமல் முதலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்பவர்களுக்கு அந்த ஓராண்டு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

ஒருவேளை விண்ணப்பம் திரும்பி வந்தால், பதற்றத்தில் வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு கணக்கு என்றானதும் பெயர்க் குழப்பம், கட்டணக் குழப்பம் எல்லாம் சேர்ந்து வரும். வந்த கடிதத்தில் எந்தத் திட்டத்தில் என்ன குறை என்று பாருங்கள். அந்தப் பத்தியில் மட்டும் உங்கள் பங்கு தெரியும்படி திருத்தி, பழைய கணக்கிலிருந்தே மறுபடி அனுப்புங்கள்.