லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்புவது எப்படி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பங்களிப்பது சி மொழியில் கரைகண்டவர்களின் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் புதியவரின் பேட்ச், அதாவது நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் கோப்பு, திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அனுப்பிய முறைதான் காரணம். அதைப் படித்துப் பார்த்து ஏற்கும் பொறுப்பில் உள்ள பராமரிப்பாளருக்கு நேரம் குறைவு. இங்குள்ள விதிகளில் பலவும் அந்த நேரத்தை மிச்சப்படுத்த ஏற்பட்டவை. இது புரிந்துவிட்டால் கெடுபிடிகள் எரிச்சலூட்டாது.

1. இடம்

கெர்னல் மூலநிரலின் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஸ்டேஜிங் என்றோர் உள்ளடைவு இருக்கிறது. தரம் இன்னும் தேறாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அங்கே இருக்கின்றன. புதியவர்கள் கை பழக ஏற்ற இடம். அதன் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். அவருடைய ஸ்டேஜிங் களஞ்சியத்தை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி மூலம் நகலெடுத்து, ஸ்டேஜிங்-டெஸ்டிங் கிளையில் வேலை செய்யுங்கள். ஏனென்றால் பழைய பதிப்பில் நீங்கள் கண்ட குறையை வேறொருவர் ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம்.

2. திருத்தம்

ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள செக்பேட்ச் நிரலை ஒரு கோப்பின்மீது ஓட்டினால், நடைவிதி மீறல்களைப் பட்டியலிடும். அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. நீண்ட வரியை உடைத்தால் படிக்கச் சிரமமாகும் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு பேட்சில் ஒரே வகைத் திருத்தம்தான் இருக்க வேண்டும். காலி வரியையும் மாறியின் பெயரையும் ஒன்றாக மாற்றி அனுப்பினால் பிரித்து அனுப்பச் சொல்வார்கள். திருத்தியபின் கம்பைல் செய்து பாருங்கள். கம்பைல் ஆகாத பேட்சை அனுப்புவதற்குச் சமாதானமே கிடையாது.

3. கமிட் செய்தி

கமிட் என்பது கிட்டில் பதியும் ஒரு மாற்றம்; அதோடு எழுதும் விளக்கமே கமிட் செய்தி. என் பார்வையில் நிரலைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். செய்தியை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்; அமைப்பு புரிவதற்காகத் தமிழில் ஒரு மாதிரி:

ஸ்டேஜிங்: ஆர்டிஎல்8723பிஎஸ்: பயன்படாத மாறியை நீக்கு

ரெட் என்ற மாறிக்கு மதிப்பு தரப்படுகிறது. ஆனால் அது எங்கும் படிக்கப்படுவதில்லை. ஆகவே நீக்கு.

சைன்டு-ஆஃப்-பை: உங்கள் பெயர், மின்னஞ்சல்

முதல் வரியில் துணை அமைப்பு, டிரைவர், செயல் என்ற வரிசையைக் கவனியுங்கள். ‘நீக்கினேன்’ என்றோ ‘இந்தப் பேட்ச் நீக்குகிறது’ என்றோ எழுதக் கூடாது. ‘நீக்கு’ என்ற ஏவல்தான் வழக்கம். ‘செக்பேட்ச் எச்சரிக்கையைச் சரிசெய்’ என்று மட்டும் எழுதினால், எதை, ஏன் மாற்றினீர்கள் என்பது தெரியாது. விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் 75 எழுத்துகளுக்குள் முடியட்டும்.

கடைசி வரி வெறும் கையெழுத்து அல்ல. தன் யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம்மீது வழக்குத் தொடுத்தபின், நிரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஆதாரம் தேவைப்பட்டது. 2004இல் இந்த வழக்கம் வந்தது. இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி இது. வேலையில் இருப்பவர்கள் அலுவலக ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

4. அனுப்புதல்

கிட்ஹப் இணையதளத்தில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டுப் பயனில்லை. இங்கே எல்லாம் மின்னஞ்சல்தான். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் நிரல் சொல்லும். கிட் ஃபார்மேட்-பேட்ச் கட்டளையால் கோப்பை உருவாக்கி, கிட் சென்ட்-இமெயில் மூலம் முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பாதீர்கள். அது டேப்களை இடைவெளிகளாக மாற்றிவிடும், பேட்ச் ஒட்டாது. இணைப்பாகவும் அனுப்பாதீர்கள்.

5. பதில் வந்தபின்

குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். புதிய பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடக்கும்போது இன்னும் தாமதமாகலாம். விமர்சனம் வந்தால், மேற்கோளுக்குக் கீழே பதில் எழுதுங்கள். திருத்திய பேட்சின் தலைப்பில் வி2 என்று குறித்து, என்ன மாறியது என்பதை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அந்தப் பகுதி கமிட் வரலாற்றில் சேராது.

பேட்ச் ஏற்கப்பட்டபின் காலி வரி நீக்குவதிலேயே தங்கிவிடாதீர்கள். ஸ்டேஜிங் டிரைவர்களுடன் டூடூ என்ற கோப்பு இருக்கும். அந்த டிரைவர் ஸ்டேஜிங்கைவிட்டு வெளியேற என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அடுத்த வேலையை அங்கிருந்து எடுங்கள்.