மார்கழிப் பயணத்தில் கேட்ட புதிய பதிகங்களைத் தொகுத்து வைப்பது எப்படி?

மார்கழியில் சோழநாட்டுத் தலங்களைச் சுற்றிவருவோர் பலர் உண்டு. வழியில் கேட்ட பாடல்களைக் குறித்துவைப்போர் சிலரே. குறித்தவர்களும் தை பிறந்தபின் குறிப்பைப் புரட்டினால் பாதிப் பாடல்கள் இன்னவை என்று பிடிபடுவதில்லை. ஆண்டுதோறும் அந்த மாதத்தில் முதன்முறையாகக் கேட்டு மனத்தில் நின்ற பதிகங்களை, அதாவது பெரும்பாலும் பத்துப் பதினொரு பாட்டுகள் கொண்ட பக்திப் பாடல்தொகுதிகளை, எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இருப்பதால், தடுக்கி விழுந்து கற்றுக்கொண்ட முறையை இங்கே சொல்கிறேன். புதியவை என்று நான் சொல்வது என் காதுக்குப் புதியவற்றையே. பாடியவர்களின் காலம் 1,300 ஆண்டுகளுக்கும் முந்தையதாக இருக்கலாம். கிடைத்துள்ள தேவாரப் பதிகங்கள் ஏறத்தாழ 800 என்பதால், எத்தனை மார்கழி சென்றாலும் புதியவற்றுக்குக் குறைவிராது.

புறப்படுமுன் தேவாரத்தின் தலமுறைப் பதிப்பு ஒன்றைத் தேடி வாங்குங்கள். பண்முறைப் பதிப்பில் பதிகங்கள் பண் எனும் பழந்தமிழ் இராகங்களின் வரிசையில் இருக்கும்; அது இசை பயில்வோருக்கு உரியது. தலமுறையில் ஓர் ஊருக்குரிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் பாடல்களும் ஓரிடத்தில் கிடைப்பதால், மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் ரயிலில் அமர்ந்தபடியே அடுத்த ஊரின் பதிகங்களைப் படித்துவிடலாம். பூந்தோட்டத்தில் இறங்கித் திருவீழிமிழலைக்குச் செல்பவர், 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்ற சம்பந்தர் பதிகத்தை வண்டியிலேயே மனப்பாடம் செய்துவிட முடியும். அதன் அடிகள் அவ்வளவு குறுகியவை. பஞ்ச காலத்தில் இறைவன் தந்த காசை மாற்றும்போது வட்டம் என்று ஒரு பங்கைப் பிடித்தார்கள் என்பதற்காகப் பாடிய பதிகம் அது என்ற கதையையும் அறிந்துகொண்டு கேட்டால் சுவை கூடும்.

கோயிலை அடைந்ததும், தேவாரம் பாடும் ஓதுவார் எந்தெந்த வேளையில் பாடுவார் என்பதை முதல்நாள் மாலையே விசாரித்துவிட வேண்டும். விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சியும் திருவெம்பாவையும் முடிந்தபின் கூட்டம் கலைந்துவிடும். நான் புதிதாகக் கேட்டவற்றில் பல, அதற்குப்பிறகு ஆளில்லாத மண்டபத்தில் அவர் தமக்காகப் பாடிக்கொண்டிருந்தவை. பல கோயில்களில் கைப்பேசிக்குத் தடை உண்டு என்பதால் சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடும் பென்சிலும் போதும். பதிவு செய்யமுடியாத இடத்தில் காது கூர்மையாகிறது என்பது என் அனுபவம்.

எதைக் குறிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் ஆண்டில் நான் பேருந்துச் சீட்டின் பின்புறம் 'நவரோசு, அருமை' என்று எழுதி வந்தேன். கொல்லி, காந்தாரம், பியந்தைக்காந்தாரம் ஆகிய பண்களெல்லாம் இன்று நவரோசு இராகத்திலேயே பாடப்படுவதால், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இராகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலடியின் இரண்டு சொற்களையும், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் திரும்பத்திரும்ப வரும் தொடரையும், அதில் வரும் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தாளத்தோடு பாடினாரா, தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடினாரா என்பதையும் ஒரு சொல்லில் சேர்க்கலாம்.

முதலடியைத் தவறவிட்டாலும் வழியுண்டு. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணனும், ஒன்பதாம் பாட்டில் அயனும் மாலும், பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியர் எனும் பௌத்தரும் வருவர். கடைக்காப்பு எனும் இறுதிப் பாட்டில் அவர் தம் பெயரைச் சொல்லிவிடுவார். இறுதிப் பாட்டில் இராவணன் வந்தால் அப்பர் பாடலாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஊரன் என்ற பெயரோடு முடிந்தால் சுந்தரர். நேரம் குறைந்தால் முதற்பாட்டையும் கடைக்காப்பையும் மட்டும் பாடி முடிப்பது வழக்கமாகையால், கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்துபோகாதீர்கள்.

திருவாரூருக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். திருவாதிரை விழாவை அங்கே கண்டுவந்த அப்பர், திருப்புகலூரில் சம்பந்தர் கேட்டதற்கு விடையாகச் சொன்னது 'முத்து விதானம்' என்று தொடங்கும் பதிகம். சங்கும் பறையும் முழங்குவதைக் கார்மேகம் என்று நினைத்து மயில்கள் மகிழ்ந்துவரும் காட்சி அதில் உண்டு. மார்கழியில் பாடக் கேட்டால், விழாவுக்குப் போய்வந்தவர் நம்மிடமே விவரிப்பதுபோல் இருக்கும். அதே ஊரில் சுந்தரர் பாடிய 'மீளா அடிமை', செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம். இன்று மத்தியமாவதியில் பாடுகிறார்கள். கண்ணிழந்த சுந்தரர், ஒரு கண் மட்டும் கிடைத்த நிலையில் வந்து நின்று, 'மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே' என்கிறார். கச்சேரி முடிவில் மங்கலமாகக் கேட்டுப் பழகிய இராகத்தில் இப்படியொரு சினத்தைக் கேட்டபோது, நான் அந்த ஆண்டில் கேட்ட மற்றவையெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

ஊர் திரும்பியதும் உடனே பட்டியல் எழுதாதீர்கள். பொங்கல் முடிந்து பத்து நாள் குறிப்பேட்டைத் திறக்காமல் வைத்திருந்து, வேலைக்கிடையே தானாக வாயில் வருகிற பதிகங்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். அதன்பிறகே குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பண், தலம், கேட்ட வேளை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஆறு ஏழுக்கு மேல் தேறியதில்லை. தரவரிசைப்படுத்தாமல் பயணம் சென்ற வரிசையிலேயே எழுதினால், பட்டியலைப் படிக்கும்போது வழியும் நினைவுக்கு வரும். ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாகவே கேட்டால், பதிவில் பாடியவரின் குரல் நீங்கள் கோயிலில் கேட்ட குரலை அழித்துவிடும்.