பழைய காரின் சஸ்பென்ஷன்: பழுதுநீக்கம் முதலில், மேம்பாடு பிறகு

பழைய காரைத் தம் கையாலேயே புதுப்பிக்க முனைவோர் பலர் முதலில் தேடுவது உயரம் குறைந்த ஸ்பிரிங்குகளையும் திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஸ்டெபிலைசர் பாரையும்தான். இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய காருக்கு இது தலைகீழான வரிசை. ஸ்டீயரிங் மந்தமாக இருப்பதற்கும், பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் எழுவதற்கும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுப்பதற்கும் பெரும்பாலும் வடிவமைப்பு காரணமன்று. வெடித்துப்போன ரப்பர் புஷ்களும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் உருளைகள்), தேய்ந்த பால் ஜாயின்டுகளும் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டுகள்), எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர்களுமே (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குபவை) காரணம். ஆகவே காரைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவந்து, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து, அப்போதும் போதாமல் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்.

சோதனையைத் துருவிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனை பதியும் இடம், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) பூட்டப்படும் சப்ஃபிரேம் (அடிச்சட்டகம்), பின்புறம் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) இருந்தால் அதன் இரு முனைகளையும் தாங்கும் பிராக்கெட்டுகள் ஆகியவற்றின் மீதுள்ள அழுக்கையும் பழைய பூச்சையும் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் வெல்டிங் வேலை முடியும்வரை புதிய பாகம் எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்து, காரை ஸ்டாண்டுகளின் மீது நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். சக்கரத்தின் மேல், கீழ் விளிம்புகளைப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே அமர்த்திப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கையும், மறையாவிட்டால் பால் ஜாயின்டையும் சந்தேகிக்கலாம். இட, வல விளிம்புகளில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராட் எண்டைக் காட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மீது அமர்ந்திருக்கும் கார்களில், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கின் விசை பால் ஜாயின்டை இறுக்கிப் பிடித்துத் தேய்மானத்தை மறைத்துவிடும். எனவே லோயர் ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கியை வைத்து, அந்த விசையை நீக்கிய பிறகே அசைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மீதே அமரும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் சக்கரம் தொங்கினாலே போதும். காரின் மூலையை அழுத்திவிட்டுத் துள்ளலை எண்ணும் பழைய சோதனை, முற்றிலும் செத்துப்போன ஷாக் அப்சார்பரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி வலுவிழந்தது அதில் தேறிவிடும்.

கழற்றுவதற்கு முந்தைய நாளே எல்லா நட்டுகளையும் கம்பிப் பிரஷால் தேய்த்துத் துருநீக்கி எண்ணெயில் ஊறவிடுங்கள். பழைய காரில் பாதி நேரத்தை விழுங்குவது, புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்ட போல்ட்தான். தீச்சுவாலையால் சூடேற்றத் தோன்றும்; ஆனால் ரப்பர் எரியும், ஸ்பிரிங்கின் பதம் கெடும், வாயு நிரம்பிய ஷாக் அப்சார்பர் வெடிக்கவும் கூடும். புஷ்ஷின் இருபுறமும் போல்ட்டை அறுத்தெடுத்து, அதே தரத்தில் புதிய போல்ட் போடுவதே நல்லது. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கேலிப்பரைக் கழற்றினால் அது பிரேக் எண்ணெய்க் குழாயான ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டிவையுங்கள்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் கட்டமே மிக ஆபத்தானது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும் விசையோடு பாயும். ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரு கொக்கித் தண்டுகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்வாக அசைவதைக் கையால் உணர்ந்த பிறகே மேல்நட்டைத் தொட வேண்டும். கருவியின் மரை தேய்ந்திருந்தாலோ, மனதில் சிறு ஐயம் இருந்தாலோ, ஸ்ட்ரட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து வாங்கி வருவதில் எந்த இழுக்கும் இல்லை.

புஷ் மாற்றும் வேலையில் பலர் கவனிக்காத ஒன்று, இறுக்கும் நேரம். சாதாரண ரப்பர் புஷ் பேரிங்கைப் போலச் சுழல்வதில்லை. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டிருப்பதால், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பரே முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நின்று, விரைவில் கிழிந்துவிடும். எனவே போல்ட்டுகளைக் கையளவுக்கு மட்டும் பூட்டி, காரின் எடை சக்கரங்களின் மீது வந்த பிறகு, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புதிதாகப் போட்ட புஷ் சில மாதங்களில் போய்விட்டது என்று புலம்புவோரில் பலர் இந்தப் படியைத் தாண்டியவர்களாகவே இருப்பார்கள்.

ரப்பரைவிட விறைப்பான பாலியூரிதேன் புஷ்கள் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும். கூடவே அதிர்வையும் இரைச்சலையும் உள்ளே கொண்டுவரும். ஒரே அச்சில் அசையும் இடங்களில், உதாரணமாக ஸ்டெபிலைசர் பாரின் பிடிகளில், அவை நன்றாகப் பொருந்தும். பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டிய பின்புற டிரெயிலிங் ஆர்மில் (பின்சக்கரத்தை முன்னிருந்து பிடிக்கும் கை) ரப்பரே மேல். எங்கு போட்டாலும் அவற்றோடு வரும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகப் பூசாவிட்டால் கிறீச்சிடும்.

ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைப்பது தவறான சிக்கனம். எட்டுச் சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை நீக்கினால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அந்த விறைப்பை அடக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று, வெட்டிய முனையும் இருக்கையில் சரியாக அமராது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான தொகுப்பாக வாங்கி, ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். மெக்ஃபெர்சன் காரை மிகையாகத் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்து, காரின் ரோல் சென்டர் (திருப்பத்தில் உடல் சாயும் மையப்புள்ளி) உடலைவிட வேகமாக இறங்கிவிடும். திருப்பத்தில் கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். ஆர்ம் ஏறத்தாழக் கிடைமட்டமாக நிற்கும் உயரத்தோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

ஸ்டெபிலைசர் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டாலே விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். முன்புறத்தில் மட்டும் தடித்த பாரைப் போட்டால், திருப்பத்தில் முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் வழுக்கும் இயல்பு பொதுவாக மிகும். பின்புறத்தில் அளவு மீறினால் வால் விலகும். மிதமாக ஏற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள்.

எல்லாம் பூட்டியதும், பட்டறை வரையாவது கார் நேராக ஓடும்படி, சக்கர மையத்தின் உயரத்தில் காரின் இருபுறமும் இணையாக நூல் கட்டி டோ அளவை (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தோராயமாகச் சரிசெய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிப் புதிய ஸ்பிரிங்குகள் படிந்த பிறகு போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதித்துவிட்டு, முழு வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), டோ என்ற வரிசையில்தான் அது நடக்க வேண்டும். முதல் இரண்டில் செய்யும் மாற்றம் டோவையும் நகர்த்திவிடும். முடிவில் ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால் அதைக் கழற்றித் திருப்பி மாட்டாமல், ஒரு பக்க டை ராடைச் சுருக்கிய அளவுக்கே மறுபக்கத்ததை நீட்டி நேராக்கச் சொல்லுங்கள்.