பழைய டிவி கார்டுக்கு லினக்ஸில் ரிமோட்: மாஸ்க் கண்டுபிடிக்கும் வழி

படம் வந்தது, ஒலி வந்தது. ரிமோட் மட்டும் ஊமையாகக் கிடந்தது. எஸ்ஏஏ7134 சிப் கொண்ட என் பழைய அனலாக் டிவி கார்டின் கதை இது. கர்னலைக் கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இவ்வகைக் கார்டுகள் பலவற்றில் அகச்சிவப்புச் சைகையைக் கார்டிலுள்ள ஒரு குட்டிச் சிப்பே வாசித்து, பட்டனின் எண்ணை ஜிபிஐஓ கால்களில் (0 அல்லது 1 என்று நிலை காட்டும் சிப்பின் பொதுக் கால்கள்) வைத்துவிடும். எந்தக் கால் எதைச் சொல்கிறது என்பது கார்டுக்குக் கார்டு வேறு. அதைக் கார்டின் இயக்கிக்கு (டிரைவர்) சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை. எந்தெந்த பிட்களைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் எண்தான் மாஸ்க்.

முதலில் எண்ணைப் பிடிக்க வேண்டும். இயக்கி ஏறும்போது ஜிபிஐஓ நிலையைக் கர்னல் பதிவில் ஒரு வரியாக எழுதும். ஒரு கையில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இயக்கியை இறக்கி ஏற்றுங்கள். இறங்க மறுத்தால் அதன் ஆல்சா (ஒலி) பகுதியை ஒலிச்சேவை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை நிறுத்திவிட்டு வாருங்கள். எந்தப் பட்டனுக்கும் எண் மாறவே இல்லையென்றால் உங்களுடையது பட்டன் எண்ணை ஜிபிஐஓ கால்களில் வைக்காமல் ஐ2சி என்ற தொடர் இணைப்பு வழியாக அனுப்பும் வகையாக இருக்கலாம். அதற்கு இந்த வழி உதவாது.

பதிவில் வருவது பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண். இரும எண்ணாக மாற்றி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் காகிதத்தில் எழுதுங்கள். எனக்குக் கிடைத்தவற்றில் மூன்றின் கடைசி எட்டு பிட்கள்:

சும்மா இருக்கும்போது: 0000 1000
எண் 1: 1001 1001
சேனல் மேலே: 1010 1011

எதை அழுத்தினாலும் 1 ஆகும் இடக்கோடி பிட்தான், பட்டன் அழுத்தப்பட்டதைச் சொல்லும் மாஸ்க் கீடவுன்: 1000 0000. எல்லாப் பட்டன்களையும் பார்த்தபின், பட்டனுக்குப் பட்டன் மாறுபவை மாஸ்க் கீகோட்: 0111 0111. நடுவில் அசையாமல் நிற்கும் பிட் என் கார்டில் ஒலிப்பாதையை மாற்றுவது. முதலில் அதையும் மாஸ்க்கில் சேர்த்துவைத்தேன். டிவியில் ஓடிய ரிமோட், எஃப்எம் வைத்ததும் படுத்துவிட்டது. அதனால்தான் மேலே அதை விட்டுவிட்டேன்.

அடுத்த பள்ளம்தான் பெரியது. மாஸ்க்கை மேலே வைத்துப் பார்த்தால் எண் 1-க்கு 0001 0001, அதாவது 17. அதையே பட்டன் அட்டவணையில் எழுதிவிட்டு இரண்டு இரவு விழித்திருந்தேன். இயக்கி அப்படிக் கணக்கிடுவதில்லை. மாஸ்க்கில் 1 உள்ள இடங்களின் பிட்களை மட்டும் பொறுக்கி, இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்குகிறது. 001-உம் 001-உம் சேர்ந்து 001001; அதாவது 9. சேனல் மேலே பட்டனுக்கும் 35 அல்ல, 19.

மீதி எளிது. இயக்கியின் கார்டு கோப்பில் உங்கள் கார்டுக்கு ஜிபிஐஓ ரிமோட் உண்டு என்று ஒரு வரி. இன்புட் கோப்பில் இரண்டு மாஸ்க்குகள், அட்டவணையின் பெயர், போலிங் (கால்களின் நிலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடைவெளி) 50 மில்லிசெகண்ட். பட்டன் அட்டவணைகள் இருக்கும் கீமேப்ஸ் அடைவில் பக்கத்துக் கோப்பு ஒன்றை நகலெடுத்துத் திருத்துங்கள். மேக்ஃபைலில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

சோதிக்க வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பிலுள்ள ஐஆர்-கீடேபிள் போதும். ரிமோட்டுக்கான தனி மென்பொருளான லிர்க்கை நிறுவி, அதன் அமைப்புக் கோப்போடு மல்லுக்கட்டாதீர்கள்; இங்கே கர்னலே பட்டன்களை விசைப்பலகை விசைகளாகத் தந்துவிடுகிறது. அட்டவணையில் இல்லாத பட்டனுக்கும் ஐஆர்-கீடேபிளின் சோதனை முறை எண்ணைக் காட்டும். மாஸ்க்கை மட்டும் எழுதிவிட்டு அதையே கேட்டிருந்தால் அந்த இரண்டு இரவும் தூங்கியிருப்பேன்.

பின்சேர்க்கை: சோதனையில் தெரியும் எண் பட்டன்கள் பிளேயரில் எடுபடவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எண் பட்டன்களுக்கு அட்டவணையில் போடும் கீ நியூமெரிக் வகைக் குறியீடுகள் 512-இல் தொடங்குகின்றன. திரையையும் விசைகளையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர் 255-ஐத் தாண்டிய விசைக் குறியீடு எதையும் வாங்காது. அட்டவணையில் அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண கீ 1, கீ 2 என்று போட்டுப் பாருங்கள்.