எஸ்கியூஎல்லில் முதலில் ஃப்ரம் வரியை யோசியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில், கேள்வியை செலக்டில் (SELECT) தொடங்கி எழுதுகிறோம். ஆனால் அர்த்த வரிசைப்படி முதலில் வருவது ஃப்ரம் (FROM) தான். எந்த டேபிள், எதோடு எப்படிச் சேருகிறது என்று அங்கே தெளிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு டேபிள் பெயரை வெறும் கமா போட்டு எழுதி, இணைக்கும் நிபந்தனையை விட்டுவிட்டால் எர்ரர் வராது. அதுதான் ஆபத்தே. 200 தொழிலாளர், 6,000 செம்பனைக் குலை எடைப் பதிவு என்றால் 1,200,000 வரிகள் வந்து நிற்கும். டன் கணக்கைக் கூட்டினால் 200 மடங்கு! ஜாயின் (JOIN) என்று டேபிளைச் சேர்த்து, ஆன் (ON) என்று நிபந்தனையை எழுதும் முறை 1992 எஸ்கியூஎல் தரத்திலேயே வந்துவிட்டது. அதையே பழகுங்கள்.

டேபிளுக்குச் சுருக்கப் பெயர் வைப்பது நல்லது. இரண்டிலும் 'எண்' என்ற நெடுவரிசை இருந்தால் எதனுடையது என்று முன்னால் குறிப்பிட்டே ஆக வேண்டும். சுருக்கப் பெயர் வைத்த பிறகு பழைய பெயரை அதே கேள்வியில் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் ஏற்காது.

அப்புறம், இந்த மாதம் குலை வெட்டாதவர் பெயரும் பட்டியலில் வர வேண்டுமா? தொழிலாளர் டேபிளை இடப்பக்கம் வைத்து, அந்தப் பக்கத்து வரிகளை எல்லாம் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போடுங்கள். பலர் சறுக்கும் இடம் இதுதான்: எடைப் பதிவின் மாத நிபந்தனையை, வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் போட்டால் பதிவே இல்லாதவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். அதை ஆன் பகுதியிலேயே எழுதுங்கள். எடை காலியாக இருந்தாலும் பெயர் நிற்கும்.