சமுதாயக் கல்லூரியில் உணவுச் சேவையும் விருந்தோம்பலும் படிப்பது எப்படி?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் விருந்தோம்பல் மேலாண்மையில் இணைப் பட்டம் (இளநிலைப் பட்டத்துக்கு முந்தைய அசோசியேட் பட்டம்) பெற ஏறத்தாழ 60 கிரெடிட்டுகள் (பாடங்களுக்கான மதிப்பு அலகுகள்) தேவை. முழுநேரமாகப் படித்தால் 2 ஆண்டுகளில் முடிக்கலாம். பின்னர் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் தொடரும் எண்ணமிருந்தால், எந்தெந்தப் பாடங்கள் அங்கே ஏற்கப்படும் என்பதை முதல் பருவத்திலேயே ஆலோசகரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள்.

சேர்வதற்கு முன் பயிற்சிச் சமையலறையை நேரில் பாருங்கள். மாணவர்களே நடத்தும் உணவகம் இருந்தால், ஒரு மதிய வேளையில் அங்கே சாப்பிட்டுப் பார்ப்பது எந்தக் கையேட்டையும்விடப் பயன் தரும் என்றே கருதுகிறேன்.

உணவுப் பாதுகாப்புப் பாடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கொதித்த சூப்பைப் பெரிய பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றி, பனிக்கட்டி நீரில் வைத்துக் கிளறி, 57 டிகிரி செல்சியசிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், தொடக்கத்திலிருந்து மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதித்தொகுப்பின் நெறி. முதல் கட்டத்துக்கு அவகாசம் குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த வெப்பநிலையில்தான் கிருமிகள் மிக விரைவாகப் பெருகும் என்பதே. பாடம் நினைவில் இருக்கும்போதே சர்வ்சேஃப் (ServSafe) என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான மேலாளர் தேர்வையும் எழுதிவிடுங்கள். அச்சான்றிதழ் பொதுவாக 5 ஆண்டுகள் செல்லும்.

சமையலில் மட்டும் நாட்டம் வைத்து, செலவுக் கணக்குப் பாடத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.