தேவதைக் கதையை அனிமேஷன் ஆக்கும்போது மண்வாசனையை எங்கே வைப்பது?

ஸ்டோரிபோர்டு, அதாவது படம் எடுக்கும் முன் காட்சிகளை வரிசையாகத் தாளில் வரைவதுதான் என் தொழில். ஒரு நாட்டின் பழங்கதையைப் படமாக்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "வெளியே இருப்பவர்களுக்கு இது புரியுமா?" என்றுதான். அந்தப் பயத்தில் என் முதல் படத்தில் சடங்கு, விளையாட்டு, சாப்பிடும் விதம் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனேன். கடைசியில் மிஞ்சியது பட்டு உடுத்திய பொம்மைகள். அந்த நாட்டுக்காரர்களும் ஒட்டவில்லை, மற்றவர்களும் ஒட்டவில்லை. அதன் பிறகு நான் செய்வது இப்படி.

முதலில், நாட்டின் பெயரும் பழங்கதையின் பெயரும் வராமல் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'அம்மா போய்விட்டதற்குத் தங்கைதான் காரணம் என்று நினைக்கிறான் ஒரு சிறுவன்.' அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் என்ற அனிமேஷன் நிறுவனம் 2014-இல் எடுத்த 'சாங் ஆஃப் தி சீ' இந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. இப்படி ஒன்று எழுத வரவில்லை என்றால் இன்னும் வரைய ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், பழங்கதையில் வருகிறவருக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இணையைத் தேடுங்கள். அதே படத்தில் மக் லிர் என்ற ராட்சதன் துக்கம் தாங்காமல் அழுதவன், கல்லாகிக் கிடக்கிறான். அவனைக் கல்லாக்கியது பெற்ற தாய்; மகன் படும் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தது. ராட்சதனுக்கும் பிள்ளைகளின் அப்பாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, பிரெண்டன் கிளீசன். அந்தத் தாய்க்கும் பிள்ளைகளின் பாட்டிக்கும் ஃபியனுலா ஃபிளனகன். முகச்சாயலும் அப்படியே. ஐரிஷ் புராணத்தில் ஒரு வரிகூடத் தெரியாத குழந்தைக்கும் 'இது அப்பா, இது பாட்டி' என்று கண்ணும் காதும் சொல்லிவிடும். யாரும் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இந்த வழிக்கு ஈடே இல்லை.

மூன்றாவது, மண்வாசனையை உடையிலும் கட்டடத்திலும் வைக்காமல் கைகள் செய்யும் வேலையில் வையுங்கள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் தெய்வங்கள் குளிக்க வரும் இடத்துக்குச் சேறும் நாற்றமுமாக ஒன்று வருகிறது. சிறுமி சிஹிரோவின் கையில் அதன் உடம்பில் முள்போல ஏதோ தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். முதலில் ஒரு சைக்கிள், அதன் பின்னாலேயே குப்பை குப்பையாக வெளியே கொட்டுகிறது. வந்தது ஓர் ஆற்றின் தெய்வம் என்று அப்புறம்தான் தெரிகிறது. மியாசாகி தாமே ஆறு ஒன்றைச் சுத்தம் செய்யப் போய், சைக்கிள் ஒன்றை இழுத்து வெளியே எடுத்த அனுபவம் இது. ஆற்றுக்கு ஒரு தெய்வம் உண்டென்பது ஜப்பானிய நம்பிக்கை. தைத்த முள்ளைப் பிடுங்கும்போது வரும் நிம்மதி எல்லோருக்கும் தெரிந்தது.

எது 'அசல்' வடிவம் என்ற சண்டையில் நேரம் போக்காதீர்கள். சிண்டரெல்லாவின் பூசணி வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதியவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் கதையில் அம்மாவின் கல்லறை மேல் வளரும் மரம்தான் அவளுக்கு உடை தருகிறது. டிஸ்னி 1950-இல் பெரோவை எடுத்துக்கொண்டது. உங்கள் ஒரு வாக்கியத்துக்கு எந்த வடிவம் பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

கதை வேறொரு மக்களுடையது என்றால் முதலிலேயே அவர்களிடம் போங்கள். டிஸ்னியின் 'அலாதீன்' (1992) தொடக்கப் பாட்டின் ஒரு வரியை, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்த பிறகு, 1993-இல் மாற்ற வேண்டி வந்தது. 'ஃப்ரோசன் 2' படத்துக்கு டிஸ்னி, வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி (Sámi) மக்களின் அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டது; 2019-இல் படம் வடசாமி மொழியிலும் வந்தது.

கடைசியாக, ஒலியே இல்லாமல் ஸ்டோரிபோர்டை இரண்டு பேருக்குக் காட்டுங்கள். ஒருவர் அந்தக் கதையோடு வளர்ந்தவர், மற்றவர் அதைக் கேள்விப்படாதவர். வெளியாள் முழிக்கும் இடத்தில் வசனம் சேர்க்கத்தான் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் பாத்திரத்தின் முகத்தை மாற்றி வரைந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். உள்ளூர்க்காரர் முகம் சுளிக்கும் இடத்தில் மட்டும் நான் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி வரைகிறேன்.